ஏசித் தண்ணீர் நின்ற தை மாதம்

எங்கள் வீட்டில் வாக்குவாதம் என்று வந்தால் முப்பது வருஷமாக என் வீட்டுக்காரர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றவர். வேண்டாம் என்று சொல்லி எழுந்துபோகிற பெண்ணைத் திரும்ப உட்கார வைத்து, அவள் கேட்டு வந்த நிறத்தை மறக்கடித்து, வேறு நிறத்தில் ஒரு புடவையைச் சிரித்த முகத்தோடு வாங்கிப் போகச் செய்கிற குரல் அவருடையது. அந்தக் குரலோடு வீட்டுக்கு வந்து என்னிடம் பேசினால் நான் எந்த மூலைக்கு?

போன ஆடி மாதம் அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கட்டி என்றார்கள், முழுதாக எடுத்துவிட்டால் ஆளுக்கு ஆபத்தில்லை என்றார்கள். எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். இப்போது கழுத்தின் அடியில், சட்டையின் முதல் பொத்தானுக்கு மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. அதன் வழியாகத்தான் மூச்சு. மூக்கு, வாய் வழியாகக் காற்று உள்ளே போவதில்லை. பேச்சும் இல்லை. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கிடைக்கும் என்று வாங்கி வந்தோம். அதில் வந்த குரலை ஒரே ஒரு முறை கேட்டார். முகத்தைச் சுளித்து, அதைப் பெட்டியோடு பீரோவுக்குள் வைத்துவிட்டார்.

அதற்குப் பதில் நோட்டு. கடைத்தெருவில் விற்கிற கோடு போடாத நாற்பது பக்க நோட்டு. என்ன சொல்ல வேண்டுமானாலும் அதில் எழுதி என் முன்னால் நீட்டுவார். நான் ரவிக்கை தைக்கிறவள். மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டின் முன்னறைதான் என் தையல் கடை. கையில் துணி, காலடியில் மிஷின், வாயில் குண்டூசி. நோட்டை நீட்டினால், "கண்ணாடி போட்டுக்கல, அப்புறம் படிக்கிறேன்" என்பேன். அந்த அப்புறம் பாதி நாள் வராது. வராததைப் பற்றி அவரால் கத்த முடியாது. ஆடிக்கு அப்புறம் எங்கள் வீட்டில் எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் கோபம் வருகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு நர்ஸ் அம்மா எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். நமக்கெல்லாம் மூக்கு என்ன வேலை செய்கிறது என்று நாம் நினைத்தே பார்ப்பதில்லை. போகிற காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி உள்ளே அனுப்புகிறதாம். இவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. வெளியே இருக்கிற காற்று எப்படி இருக்கிறதோ அப்படியே நெஞ்சுக்குள் போய் இறங்கும். அதனால் மெல்லிய மல் துணியை நனைத்துப் பிழிந்து, துளையின் மேல் திரை மாதிரித் தொங்கவிட வேண்டும். காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். உள்ளே சளி காய்ந்து கட்டிப்போனால் மூச்சே அடைக்கும் என்றார். அப்படி ஆனால் துளைக்குள் விடுவதற்கு உப்புநீர்ப் புட்டிகளும் கொடுத்தார்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் ஒரு தொல்லையும் இல்லை. நான் நனைத்துத் தொங்கவிட்ட துணி காலையிலிருந்து மத்தியானம் வரை ஈரமாகவே இருக்கும். கொடியில் போட்ட துணிகூட மூன்று நாள் காயாத காலம், கழுத்துத் துணி எங்கே காயும்? ஏசி பக்கெட்டும் அப்போது நிறைந்து வழிந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஏசி வைத்திருக்கிற எல்லா வீட்டுக்காரர்களும் அதன் குழாயின் அடியில் ஒரு பக்கெட் வைத்திருப்பார்கள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்கள் நாங்கள். சொட்டுகிற தண்ணீரைச் சும்மா விடுவதற்கு மனசு வராது. அதில்தான் வராந்தா துடைப்பது, துளசிக்கு ஊற்றுவது, இன்வெர்ட்டர் பேட்டரிக்குக்கூட சிலர் ஊற்றுவார்கள். என் பக்கெட் பக்கத்து வீட்டு பக்கெட்டைவிடச் சீக்கிரம் நிறைந்தால் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

மார்கழி பிறந்ததும் நான் வீட்டைப் பூட்டினேன். பூட்டினேன் என்றால், ஜன்னல்களை. சென்னையில் மார்கழிக் குளிர் என்பது வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிக்கிற அளவுதான். ஆனாலும் நம் ஆட்களுக்குப் பனி என்றால் பயம். காலையில் பால் வாங்கப் போகிறவர் குரங்குக் குல்லா போட்டிருப்பார். கோவிலுக்குப் போகிறவர் காதில் பஞ்சு வைத்திருப்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். "பனி இறங்குது" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. போதாக்குறைக்கு எங்கள் தெருவையும் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் செம்மண் தூசி தைத்து வைத்த பட்டு ரவிக்கை மேலேயே வந்து உட்காரும். அதனால் பகலிலும் சாத்தினேன். சாத்திய வீடு புழுங்கியது. ஏசியைப் போட்டேன். பகல், ராத்திரி என்று அது ஓடியது.

இத்தோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பனிக்காலத்தில் கழுத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? ஈரம் பட்டால் சளி பிடிக்கும். சின்ன வயசிலிருந்து என் ரத்தத்தில் ஊறிய விஷயம் அது. தலை துவட்டாமல் நின்றால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். நர்ஸ் அம்மா சொன்னது மழைக்காலத்துக்கு, பனிக்காலத்துக்கு அது சரிப்படாது என்று நானே தீர்ப்பு எழுதினேன். மல் துணியை எடுத்துவிட்டு, கம்பளி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிவிட்டேன். அவர் அதை இழுத்துக் கழற்றுவார். நான் மறுபடி சுற்றுவேன். "சொன்னா கேளுங்க, நெஞ்சுல சளி கட்டிக்கிட்டா யாரு பாக்கறது" என்பேன். நோட்டை எடுத்து வேகமாக எழுதி நீட்டுவார். கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை என்பேன். கண்ணாடி கயிற்றில் என் கழுத்திலேயேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த நாட்களில் அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலையில் நான் இட்லி வைத்ததும் சமையலறைக்கு வந்துவிடுவார். அடுப்புக்குப் பக்கத்தில், நான் திரும்பினால் இடிக்கிற இடத்தில், நின்றுகொள்வார். பானை மூடியைத் தூக்கும்போது ஆவி வருமே, அப்போது குனிவார். பசி என்று நினைத்தேன். குழந்தை மாதிரி ஆகிவிட்டார் என்று நினைத்தேன். "வெந்தா நானே கூப்பிடறேன், போய் உக்காருங்க" என்று தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்புவேன். போவார், இரண்டு நிமிஷத்தில் திரும்ப வருவார். வெந்நீரில் குளிக்கப் போனால் அரை மணி நேரம் கதவு திறக்காது. தண்ணீரைக் கொட்டுகிறார் என்று அதற்கும் திட்டினேன். என் உதடும் அப்போது வெடித்துத்தான் இருந்தது. குதிகாலும் வெடித்திருந்தது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

பொங்கல் கழிந்த வாரம், ஏசி பக்கெட்டில் தண்ணீர் விழுவது நின்றுவிட்டது. முதலில் குறைந்தது, அப்புறம் பக்கெட்டின் அடி நனைகிற அளவுக்கு வந்தது, கடைசியில் அதுவும் இல்லை. குழாய் அடைத்துக்கொண்டது, இனி தண்ணீர் சுவருக்குள் இறங்கிப் பூசணம் பூக்கும் என்று எனக்குக் கவலை. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். வியாழக்கிழமை வருகிறேன் என்றார். வீட்டில் ஒரு மனுஷன் ஆவியைத் தேடி அலைகிறார், எனக்குக் கவலை சுவரைப் பற்றி.

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். மிக்ஸியில் சட்னி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியபோதுதான் சத்தம் கேட்டது. கட்டில் சட்டத்தைக் கையால் தட்டுகிற சத்தம். எவ்வளவு நேரமாகத் தட்டினாரோ தெரியாது. ஓடிப்போய்ப் பார்த்தால் உட்கார்ந்த வாக்கில் முன்னால் சாய்ந்திருந்தார். முகம் கறுத்து, கண் வெளியே வந்த மாதிரி. கழுத்துத் துளையில் காற்று போகிற சத்தம் இல்லை, கீச்சென்று ஒரு இழுப்பு மட்டும். மஃப்ளரைப் பிடுங்கி எறிந்தேன். உப்புநீர்ப் புட்டியின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தேன். துளைக்குள் விட்டேன், இருமினார், ஒன்றும் வரவில்லை. மறுபடி விட்டேன். மூன்றாவது முறை இருமியபோது காய்ந்த பிசின் மாதிரி ஒரு கட்டி தெறித்து வந்து என் புடவையில் விழுந்தது. மூச்சு உள்ளே போனது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். அவருக்கும் கண்ணில் தண்ணீர்தான், ஆனால் அழுதால் சத்தம் வராது அல்லவா, அது எனக்கு இன்னும் தாங்கவில்லை.

நர்ஸ் அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஈரத்துணி போட்டுக்கிட்டு இருக்கீங்கல்ல?" என்றார்.

"போடறேம்மா" என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

"அப்போ ஏன் இப்படிக் காயுதுன்னு தெரியல. இன்னொரு தடவை ஆச்சுன்னா யோசிக்காம கூட்டிட்டு வந்துடுங்க. ஒவ்வொரு தடவையும் இப்படி வெளியில வந்துடும்னு நம்ப முடியாது" என்றார்.

பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். நாற்பது வயசு இருக்கும். மீர்சாகிப்பேட்டைப் பக்கம் வீடு. அப்பா, சித்தப்பா எல்லோருமே ஃபிரிட்ஜ், ஏசி வேலைதான். வீட்டிலிருந்து போன் வந்தால் உருதுவில் பேசுவார், எங்களிடம் பேசினால் அசல் மெட்ராஸ் பாஷை. குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கு ஒரு சலாம் வைத்தார்.

"பைப்பு கிளீனா கீதுக்கா. தண்ணி இருந்தாதானே வரும்" என்றார்.

"மழைக்காலத்துல நாளைக்கு ஒரு பக்கெட் வந்துச்சே."

"மழக்காலத்துல காத்துல தண்ணி இருந்திச்சி, வந்திச்சி. ஐஸ் தண்ணி ஊத்துன டம்ளர் மேல முத்து முத்தா நிக்குமே, அது மாதிரிதான். உள்ள கம்பி ஜில்லுனு கீது. காத்து அதுல பட்டா ஈரம் தண்ணியா வுழுந்துடும். ஏசிக்குள்ள டேங்க்கா வச்சிருக்கான்? இந்த ரூமு காத்துலேர்ந்து புயிஞ்சி எட்த்து வெளிய ஊத்துதுக்கா. நீங்க ஜன்னல் எல்லாம் சாத்திக்கினு பகல் ராத்திரியா ஓட்டிக்கினு கீறீங்க. இருந்ததெல்லாம் எப்பவோ எட்த்துடுச்சி. இனிமே இன்னா வரும்?"

எனக்குச் சட்டென்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. "வெளியில பனி கொட்டுதேப்பா. காலையில பார்த்தா ஸ்கூட்டர் சீட்டெல்லாம் நனைஞ்சு கிடக்கு. காத்து காய்ஞ்சு போச்சுன்னு சொல்றியே?"

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "அதான்க்கா விசயமே. குளுந்த காத்து தண்ணிய ரொம்ப வச்சிக்காது. வச்சினு இருந்தத வண்டி மேல, செடி மேல போட்டுட்டுப் பூடுது. அப்பால வெயில் ஏறுது, காத்து சூடாவுது. சூடானா அதுக்குத் தாகம். கையில ஒண்ணும் கெடையாது. அப்ப உதடு, தோலு, தொண்டைன்னு எங்க ஈரம் கீதோ அங்க வந்து உறிஞ்சிக்கும். வெளியவாச்சும் பரவால்ல, கடல் கிட்டக்க கீற ஊரு, கொஞ்சம் ஈரம் வந்துகினே இருக்கும். இந்த ரூமு பொட்டல் காடு மாதிரி கீது."

சின்ன டம்ளர் நிறைய இருக்கிற தண்ணீரைக் கொண்டுபோய் அண்டாவில் கொட்டினால் அடி மட்டும்தான் நனையும். தண்ணீர் அதேதான், பாத்திரம்தான் பெரிதாகிவிட்டது. குளிர்ந்த காற்று சூடாகும்போது அப்படித்தான் ஆகிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. பனி பெய்கிறது என்பதே காற்று தன் ஈரத்தைக் கீழே போட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். நான் அதைப் பார்த்துத்தான் ஈரத்துக்குப் பயந்தேன். மாதக்கணக்கில் அவருடைய மூச்சுக்கு வேண்டிய தண்ணீரைப் பிழிந்து பக்கெட்டில் பிடித்து, வராந்தாவைத் துடைத்திருக்கிறேன்.

நாற்காலிக் கையை இரண்டு முறை தட்டினார் என் வீட்டுக்காரர். எழுந்தார். மேஜையிலிருந்து நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டி, என்னிடம் தரவில்லை, மெக்கானிக்கிடம் கொடுத்தார்.

மெக்கானிக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தார். "ஜன்னலைத் திற. உள்ளே காற்று காய்ந்து கிடக்கிறது. மூச்சு இழுத்தால் முள்ளை இழுப்பதுபோல் இருக்கிறது." அடுத்த பக்கம். "மஃப்ளர் வேண்டாம். ஈரத்துணி கொடு." அடுத்த பக்கம். "ஈரத்துணி." அடுத்த பக்கம். "இட்லிப் பானைக்குப் பக்கத்தில் நின்றால்தான் மூச்சு சுகமாக வருகிறது. விரட்டாதே."

அவர் படிப்பதை நிறுத்தினார். என் பக்கம் பார்க்காமல் நோட்டை மூடினார். "இவரு எல்லாம் கரீக்டா எய்திக்கினு தான் கீறாரு" என்று மட்டும் சொன்னார்.

அவ்வளவு வார்த்தைகளும் என் வீட்டில், என் மேஜையில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தவை. இன்னொருவர் வாயில் வந்த பிறகுதான் என் காதில் விழுந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. மெக்கானிக் முன்னால் என்பதற்காக அல்ல. முப்பது வருஷம் பேசியே பிழைத்த மனுஷன் ஒரே வார்த்தையைத் தனிப் பக்கத்தில் எழுதிக் கெஞ்சியிருக்கிறார் என்பதற்காக.

மெக்கானிக்கே ஏசியை நிறுத்தினார். ஜன்னல் கொக்கி இறுகிக் கிடந்தது, அதையும் ஸ்பேனரால் தட்டித் திறந்துவிட்டுப் போனார். தூசிக்கு என்ன செய்வது என்று யோசித்து, ஜன்னல் முழுக்க ஒரு பழைய வேட்டியை நனைத்துத் தொங்கவிட்டேன். தூசி அதில் ஒட்டிக்கொண்டது. கட்டிலுக்கு அடியில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். மல் துணியை எடுத்து நனைத்துப் பிழிந்து அவர் கழுத்தில் கட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். நன்றாக, ஆழமாக, சத்தமில்லாமல் போனது. நர்ஸ் அம்மாவுக்கு மறுபடி போன் போட்டு, காலையில் சொன்னது பொய் என்றேன். அவர் திட்டவில்லை. "இனிமே போடுங்க" என்றார்.

அடுத்த வாரம் மூச்சு மறுபடி அடைக்கவில்லை. இட்லி வைக்கும்போது வந்தால், அடுப்புப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். ஒரு சாயங்காலம் தைக்க ஒன்றும் இல்லை. காப்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

"நான் கேக்காம விட்டது வேற என்ன இருக்கு? எழுதுங்க. படிக்கிறேன்" என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்க்கிற பார்வை. பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"காப்பிக்குச் சர்க்கரை போடு."

அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஆபரேஷன் ஆன உடம்பு, எதற்கும் இருக்கட்டும் என்று நானே நிறுத்தியிருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார், இன்னும் முடியவில்லை என்று. கீழே எழுதினார்.

"மூக்கில் காற்று போகாததால் வாசனை தெரிவதில்லை. ஆடியிலிருந்து காப்பி வாசனை, பூ வாசனை, உன் தலை எண்ணெய் வாசனை, எதுவும் இல்லை. நாக்கில் இனிப்பாவது தெரியட்டும்."

ஆஸ்பத்திரியில் இதையும் சொல்லியிருப்பார்கள். நான்தான் கேட்டிருக்க மாட்டேன். எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து, இரண்டு ஸ்பூன் போட்டு ஆற்றி வைத்தேன். அவர் டம்ளரைத் தொடவில்லை. அந்தப் பக்கம் நிறைந்துவிட்டிருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார்.